மூட்டு வலி ஒன்றல்ல: இனம் கண்டு மருத்துவம் செய்வோம்

(உழவர் நாள் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் பேசுகின்ற இந்த மேடையில் மருத்துவருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பம்புசெட்டில் பழுது ஏற்பட்டால் அன்றைக்கே மெக்கானிக்கை அழைத்து வருகிறீர்கள். மாடு தீவனம் எடுக்காவிட்டால் மறுநாளே கால்நடை மருத்துவரைத் தேடுகிறீர்கள். ஆனால் உங்கள் முழங்கால் வீங்கினால் மட்டும், "வயசானா வரத்தானே செய்யும்" என்று சொல்லி விட்டுவிடுகிறீர்கள். உழவுத் தொழிலின் முதற்கருவி உழவரின் கையும் காலும்தான். அந்தக் கருவியைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு தாய் வந்தார். வயது நாற்பதுதான் இருக்கும். நாற்று நடுவதில் அவருக்கு இணையான கை அந்த ஊரில் கிடையாது என்று கூட வந்த கணவர் சொன்னார். ஆனால் நான் பார்த்தபோது அந்தக் கைகளின் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகக் கோணிப் போயிருந்தன. ஒரு டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க அவரால் முடியவில்லை. முகம் மட்டும் உருண்டு, உப்பிப் பொலிவாக இருந்தது. காரணம் கேட்டேன். இரண்டு ஆண்டுகளாக மருந்துக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்ததாகச் சொன்னார். "அதைப் போட்டால் அரை மணி நேரத்தில் வலி பறந்துவிடும் டாக்டர். போடாவிட்டால் எழுந்திருக்க முடியாது" என்றார். வலி பறந்தது உண்மை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளும் உள்ளே மூட்டுகள் அரிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. கோணிய விரல்களை நேராக்க எந்த மருந்தாலும் முடியாது. அந்த நிலை இங்குள்ள ஒருவருக்கும் வரக்கூடாது என்பதே என் பேச்சின் நோக்கம்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

பயிரின் இலை மஞ்சளாகிறது. அது தழைச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம், இரும்புச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம், வேரில் நீர் தேங்கியதால் இருக்கலாம், நச்சுயிரி நோயாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் யூரியாவை அள்ளித் தெளிப்பவரை நல்ல உழவர் என்று சொல்வோமா? மூட்டு வலியும் அப்படிப்பட்டதுதான். மூட்டு அழற்சி என்றும், வாதம் என்றும் நாம் பொதுவாகச் சொல்லும் இந்நோயில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் நம் கிராமங்களில் அடிக்கடி காண்பவை ஒரு சிலவே. அந்தச் சிலவற்றை இனம் பிரித்து அறிந்து கொண்டால் போதும்.

முதலில் மூட்டின் அமைப்பைப் பார்ப்போம். இரண்டு எலும்புகள் சேருமிடமே மூட்டு. எலும்பின் முனையில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றி ஒரு பை போன்ற உறை உள்ளது. அதன் உட்பக்கத்தில் உள்ள மெல்லிய சவ்வு, பசை போன்ற ஒரு திரவத்தைச் சுரக்கிறது. வண்டி அச்சில் மை இட்டால் சக்கரம் உராயாமல் உருளுவது போல, இத்திரவத்தால் மூட்டு எளிதாக அசைகிறது. குருத்தெலும்பு தேய்ந்தால் ஒரு வகை நோய். சவ்வு வீங்கினால் மற்றொரு வகை. மூட்டுக்குள் உப்புப் படிந்தால் இன்னொரு வகை. கிருமி புகுந்தால் வேறொரு வகை.

1. மூட்டுத் தேய்மானம்

இதுவே மிகுதியாகக் காணப்படுவது. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நம்மிடையே முழங்கால்தான் முதலில் பாதிக்கப்படுகிறது. நடந்தால், படி ஏறினால், குத்த வைத்து எழுந்தால் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் எழுந்ததும் சற்றுப் பிடிப்பு இருக்கும்; ஆனால் அரை மணி நேரத்துக்குள் அது தளர்ந்துவிடும். காய்ச்சல் இருக்காது.

உடல் எடை கூடியவர்கள், முன்பு முழங்காலில் அடிபட்டவர்கள், நாள்தோறும் நெடுநேரம் குத்த வைத்தும் மண்டியிட்டும் வேலை செய்பவர்கள், பாரம் தூக்குபவர்கள் ஆகியோருக்கு இந்நோய் வர வாய்ப்பு மிகுதி. களை எடுப்பதும், கடலை பறிப்பதும், பூப் பறிப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

மூட்டில் "வாயு" தங்கிவிட்டது என்று சொல்வார்கள். உருளைக்கிழங்கும் புளியும் சாப்பிட்டதால் வாயு மூட்டுக்குள் போகாது. ஆகவே அவற்றை முழுதும் ஒதுக்க வேண்டிய தேவை இல்லை. மூட்டை அசைக்கும்போது சொடக்குச் சத்தம் மட்டும் கேட்டு, வலியோ வீக்கமோ இல்லையென்றால் அஞ்ச வேண்டியதும் இல்லை.

இதற்கான மருத்துவத்தில் மாத்திரைக்கு இடம் மூன்றாவதுதான். முதலிடம் உடற்பயிற்சிக்கு. தேய்ந்த மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மூட்டைத் தாங்குவது அதைச் சுற்றியுள்ள தசை. தொடைத் தசை வலுவாக இருந்தால் முழங்காலின் பளு குறையும். மூன்று பயிற்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது: திண்ணையிலோ நாற்காலியிலோ அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை அப்படியே பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

இரண்டாவது: மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து எண்ணும் வரை முழங்காலால் துண்டைக் கீழே அழுத்த வேண்டும். இதுவும் 10 முறை.

மூன்றாவது: நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து மீண்டும் அமர வேண்டும். முடிந்த அளவு செய்து, நாளுக்கு நாள் கூட்டலாம்.

இவற்றைக் காலையும் மாலையும் செய்து வந்தால் ஆறு முதல் எட்டு வாரங்களில் பலன் தெரியும். விதைத்த மறுநாளே முளைப்பைத் தேடக் கூடாது அல்லவா? தொடக்கத்தில் சிறிது வலி கூடினாலும் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது இடம் எடைக் குறைப்புக்கு. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பளு ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 5 கிலோ குறைத்தவர் ஒவ்வோர் அடியிலும் 20 கிலோ பளுவை இறக்கி வைக்கிறார். நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் அடிகள் நடக்கிறீர்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

ஊன்றுகோல் பிடிக்க வெட்கப்பட வேண்டாம். வலது முழங்காலில் வலி என்றால் கோலை இடது கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பது பலரும் செய்யும் பிழை. கழிப்பறையில் உட்கார்ந்து எழக்கூடிய உயர்ந்த இருக்கை அமைத்துக் கொள்வதும் நல்லது.

வலி மிகும் நாள்களில் மேலே பூசும் வலி நீக்கிக் களிம்பைப் பயன்படுத்தலாம். இது வயிற்றுக்குள் செல்லும் மாத்திரையைவிடத் தீங்கு குறைந்தது. இவை யாவும் செய்தும், இரவிலும் வலி நீங்காமல், பத்து அடி நடக்க இயலாத நிலை வந்தால் மூட்டு மாற்று அறுவை மருத்துவம் கைகொடுக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உள்ள எலும்பு மருத்துவரை அணுகி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்குள்ள வாய்ப்பைக் கேட்டறியுங்கள். நிலத்தை அடகு வைக்கும் முன் இதைக் கேட்பது நல்லது. எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக மட்டும் அறுவை செய்துகொள்ள வேண்டியதில்லை. படத்தில் தேய்மானம் இருந்தும் வலியின்றி வேலை செய்வோர் பலர் இருக்கிறார்கள்.

2. முடக்குவாதம்

முன்பு சொன்ன தாய்க்கு வந்தது இந்நோய்தான். இது தேய்மானம் அன்று. நம் உடலுக்குள் புகும் கிருமிகளை எதிர்க்க ஒரு காவற்படை இருக்கிறது. அந்தப் படையே வழி தவறித் தன் மூட்டின் சவ்வைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். சவ்வு வீங்கித் தடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது.

முப்பது முதல் ஐம்பது வயதுக்குள், அதாவது குடும்பத்தைத் தாங்கும் வயதில், இது பெரும்பாலும் தொடங்குகிறது. ஆண்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது. புகை பிடிப்பவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல்.

இதை இனம் காண்பது எப்படி? மூன்று அடையாளங்களை நினைவில் வையுங்கள். ஒன்று, விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாத விரல்கள் போன்ற சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கும். இரண்டு, காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாத பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். மூன்று, வேலை செய்யச் செய்யப் பிடிப்புச் சற்றுக் குறையும். ஓய்ந்து இருந்தால் கூடும். தேய்மானத்துக்கு இது நேர் மாறானது. இவற்றோடு சோர்வு, பசியின்மை, இலேசான காய்ச்சல், இரத்தச் சோகை ஆகியவையும் சேரலாம்.

இந்த அடையாளங்கள் ஆறு வாரங்களுக்கு நீடித்தால் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் கைகளைப் பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்து நோயை உறுதி செய்வார். முடக்குவாதக் காரணிப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்தாலும் நோய் இருக்கலாம். "இருக்கிறது" என்று வந்தாலும் நோய் இல்லாதிருக்கலாம். எனவே பரிசோதனைச் சீட்டை மட்டும் வைத்துக் கொண்டு நாமே முடிவு கட்டக் கூடாது.

இந்நோயில் முதல் சில மாதங்களே பொன்னான காலம். குருத்துப் பூச்சி தென்பட்ட உடனே நடவடிக்கை எடுத்தால் பயிர் தப்பும். வெண்கதிர் வந்த பிறகு மருந்து தெளித்துப் பயனில்லை. அதுபோல எலும்பு அரிக்கும் முன்பே மருந்தைத் தொடங்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தே இதற்கு முதல் மருந்தாக உலகெங்கும் கையாளப்படுகிறது. விலை மிகுந்தது அன்று. இது உடனே வலியைப் போக்காது. பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். ஆனால் மூட்டு அரிப்பைத் தடுத்து நிறுத்துவது இதுதான். இதைப் பற்றி ஒரு முக்கிய எச்சரிக்கை: இம்மருந்தை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறாக நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, சந்தை நாளை நினைவில் வைப்பது போல வைத்துக் கொள்ளுங்கள். காலண்டரிலும் அடையாளம் இடுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் அந்த நாளில் எடுத்துக் கொடுக்க வேண்டும். மருத்துவர் தரும் போலிக் அமில மாத்திரையை அவர் சொன்ன நாளில் தவறாமல் உட்கொள்ள வேண்டும். குறித்த கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். மது அறவே கூடாது. கருவுற்றிருப்பவரும், குழந்தை வேண்டும் என்று எண்ணுபவரும் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இம்மருந்து கருவைப் பாதிக்கும். அத்தகையோருக்கு வேறு மருந்துகள் உள்ளன.

மெத்தோட்ரெக்சேட் போதாதபோது சேர்த்துத் தர ஐட்ராக்சிகுளோரோகுவின், சல்ஃபாசலசின் முதலிய மருந்துகளும் இருக்கின்றன. சென்னை இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கெனத் தனித் துறையே இயங்குகிறது.

3. யூரிக் அமில வாதம் (கவுட்)

இரவு நன்றாக உறங்கியவர் விடியலில் கால் பெருவிரலில் தீப்பட்டது போன்ற வலியுடன் எழுகிறார். விரலின் அடிமூட்டு சிவந்து, வீங்கிப் பளபளக்கிறது. போர்வை பட்டாலும் தாங்க முடியவில்லை. சில நாள்களில் தானே சரியாகிவிடுகிறது. சில மாதம் கழித்து மீண்டும் வருகிறது. இது கவுட் எனப்படும். பெரும்பாலும் ஆண்களுக்கு வரும்.

இரத்தத்தில் யூரிக் அமிலம் அளவுக்கு மேல் சேர்ந்தால், அது ஊசி போன்ற படிகமாக மூட்டில் படிகிறது. வடிகால் இல்லாத நிலத்தில் உப்பு மேலே வெள்ளையாய்ப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே வடிகாலாக இருப்பது சிறுநீரகம். அது சரியாக வெளியேற்றாததே பெரும்பாலோருக்குக் காரணம்.

மதுவும், குறிப்பாக பீரும், ஈரல், குடல் போன்ற உறுப்பு இறைச்சியும், சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களும் இதைத் தூண்டும். பருப்பையும் கீரையையும் அடியோடு நிறுத்தத் தேவையில்லை. வெயிலில் உழைப்பவர்கள் தண்ணீர் போதிய அளவு குடிக்க வேண்டும்.

வலி வந்த நேரத்தில் செய்யும் இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதாகவும் காட்டலாம். எனவே வலி அடங்கிய பின் மீண்டும் பார்க்க வேண்டும். அடிக்கடி வலி வருபவர்களுக்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபுரினால் மருந்து தரப்படுகிறது. 100 மி.லி. இரத்தத்தில் யூரிக் அமிலம் 6 மி.கி.க்குக் கீழ் இருக்குமாறு பார்த்துக் கொண்டால் பழைய படிவும் மெல்லக் கரையும். வலி இல்லை என்று இம்மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. இம்மருந்து தொடங்கியதும் உடலில் தடிப்போ வாயில் புண்ணோ தோன்றினால் மட்டும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கவுட் வலியைத் தணிக்கும் கோல்சிசின் என்னும் மருந்தை உங்களில் சிலர் விளைவிக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பந்தல் போட்டு வளர்க்கும் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், தன் விதையில் கோல்சிசினைச் சேர்த்து வைத்திருக்கிறது. மருந்தாலையில் அது மில்லிகிராம் கணக்கில் பிரித்தெடுக்கப்படுகிறது. அந்த அளவு சற்று மீறினாலும் அது நஞ்சு. ஆகவே அதன் விதையையோ கிழங்கையோ மூட்டு வலிக்கென்று ஒருவரும் அரைத்துக் குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாதவாறு விதையைக் காய வைக்கவும் வேண்டும்.

4. கிருமியாலும் நீராலும் வருபவை

ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கி, சூடாகி, அசைக்க முடியாமல், கடுங்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது மூட்டுக்குள் சீழ்க் கிருமி புகுந்ததாக இருக்கலாம். சில நாள்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். அன்றைக்கே 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் போட்டு உருவிவிடுவது பெருந்தீங்கு.

2006ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சல் சில நாளில் விட்டாலும் மூட்டு வலி மாதக்கணக்கில் நீடித்தது. நம்மை வளைத்து முடக்குவது என்பதே ஆப்பிரிக்க மொழி ஒன்றிலிருந்து வந்த அப்பெயரின் பொருள். இதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. தொட்டி, டிரம், தேங்காய் ஓடு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் நன்னீரில் பெருகுவது. வாரம் ஒருமுறை அவற்றைக் கொட்டிக் காய வைப்பதே தடுப்பு முறை.

மாடு வளர்ப்போர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. சினை மாடு ஆறேழு மாதத்துக்குப் பின் கன்று வீசினால், அது புருசெல்லோசிஸ் என்னும் கன்று வீச்சு நோயாக இருக்கலாம். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டாலும், காய்ச்சாத பாலைக் குடித்தாலும் கிருமி மனிதனுக்கு வந்து, விட்டு விட்டு வரும் காய்ச்சலும், இடுப்பு வலியும், மூட்டு வலியும் உண்டாக்கும். சரியான மருந்தை வாரக்கணக்கில் தொடர்ந்து உட்கொண்டால் குணமாகும். ஆனால் "என் வீட்டில் மாடு கன்று வீசியது" என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த எண்ணமே தோன்றும். கையுறை அணியுங்கள், நஞ்சுக்கொடியைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதையுங்கள், பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட 2019ஆம் ஆண்டு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டுள்ளது. வாழ்நாளில் ஒருமுறை போட்டால் போதும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருப்பதும் மூட்டையும் முதுகெலும்பையும் இறுக்கிவிடும். பற்களில் பழுப்புக் கறை அதன் முன்னறிவிப்பு. ஒரு லிட்டர் நீரில் 1.5 மி.கி.க்கு மேல் புளோரைடு இருந்தால் அது குடிக்க ஏற்றதன்று. காய்ச்சினால் புளோரைடு போகாது. நீரைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் போன்ற ஆற்று நீரையோ, சேமித்த மழை நீரையோ குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துங்கள்.

பொட்டல மாத்திரையின் கதை

இனி அந்தப் பொட்டலத்துக்கு வருவோம். அதில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு மருந்துகள். ஒன்று ஸ்டீராய்டு, மற்றது வலி நீக்கி.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அன்று. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் முடக்குவாதத்தால் படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். அதைக் கண்டறிந்த ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தொடர்ந்து கொடுத்தபோது அதன் மறுபக்கமும் தெரிந்தது. முகம் உப்பும்; சர்க்கரை ஏறும்; இரத்த அழுத்தம் கூடும்; எலும்பு மெலிந்து எளிதில் முறியும்; கண்புரை வரும்; காசநோய் போன்ற தொற்றுகள் தலை தூக்கும். ஆகவே மருத்துவர் இதைச் சிறு அளவில், சிறிது காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை மட்டுமே தருவார். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நெடுநாள் இதை உட்கொண்டவர் என் பேச்சைக் கேட்டு நாளைக்கே திடீரென நிறுத்திவிடக் கூடாது. உடல் தானே சுரப்பதை மறந்திருக்கும். மயங்கி விழ நேரும். மருத்துவரிடம் சென்று படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வலி நீக்கி மாத்திரைகள் வயிற்றுப் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிணம் தின்னிக் கழுகுகள் நம் நாட்டில் அருகிப் போனது ஏன் என்று கேட்டிருப்பீர்கள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலி நீக்கி, இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்று 2004ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். 2006ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு அதைத் தருவதை அரசு தடை செய்தது. கழுகுக்கு நேர்வது அப்படியே மனிதனுக்கு நேர்வதில்லை. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் முதியவர்களும் இம்மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது. வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் இம்மாத்திரையைப் போட்டு வேலையைத் தொடர்வது மிகவும் தீங்கானது.

"இது வெறும் மூலிகைதான்" என்று பெயரோ சீட்டோ இல்லாமல் விற்கும் பொடியிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சித்த மருந்து வேண்டுவோர் அரசு மருத்துவமனையிலுள்ள சித்த மருத்துவரிடம் செல்லுங்கள். முடக்கத்தான் கீரையைத் தோசையில் அரைத்து ஊற்றிச் சாப்பிடுங்கள்; தடையில்லை. ஆனால் அரிக்கும் மூட்டுக்கு அது மட்டும் போதாது.

வேலையில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

கைக்களைக் கொத்துக்குப் பதில் நீண்ட கைப்பிடி உள்ள களைக் கருவியையும், வரிசை நடவில் உருளும் களைக் கருவியையும் பயன்படுத்தினால் குனிவதும் குத்த வைப்பதும் குறையும். தோட்டத்தில் அமர்ந்து செய்யும் வேலைக்கு ஒரு சிறு முக்காலி வைத்துக் கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையை ஒருவரே முதுகில் ஏற்றாமல், இருவர் பிடித்தோ, தள்ளுவண்டியில் வைத்தோ கொண்டு செல்லுங்கள். விரல் வலி உள்ளவர்கள் மண்வெட்டி, அரிவாள் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொண்டால் பிடிக்க எளிதாக இருக்கும். நடக்க இயலாத முதியவர்களுக்கு 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டிற்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைச் சொல்லி வையுங்கள்.

முடிவாக

பெருமக்களே, மூட்டு வலி வந்தால் நான்கு கேள்விகளை உங்களையே கேளுங்கள். எந்த மூட்டு, எத்தனை மூட்டு? காலைப் பிடிப்பு அரை மணியா, ஒரு மணிக்கு மேலா? வீக்கமும் காய்ச்சலும் உண்டா? எத்தனை வாரமாக இருக்கிறது? இந்த நான்குக்கும் விடையுடன் மருத்துவரிடம் சென்றால் பாதி வேலை முடிந்தது. இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நான் முதலில் சொன்ன தாய் முறையாக மருந்து உட்கொண்டார். நான்கு மாதத்தில் வீக்கம் வற்றியது, இரவில் உறங்கினார், டம்ளரை இரு கையாலும் பிடித்துக் குடித்தார். ஆனால் கோணிய விரல் கோணியதுதான். அதன் பின் அவர் நாற்று நடவில்லை. மறு ஆண்டு அவர் தம் தங்கையை அழைத்து வந்தார். தங்கையின் விரல் கணுக்கள் வீங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "ஆறு வாரம் பார்ப்போம் என்று இவள் சொன்னாள், நான்தான் விடவில்லை டாக்டர். என் கையைக் காட்டினேன், பேசாமல் வந்துவிட்டாள்" என்றார். அந்தத் தங்கைக்கும் அதே நோய்தான். அதே மருந்துதான். வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை, அக்காள் தங்கை இருவரும் ஒன்றாக மாத்திரை போட்டுக் கொள்கிறார்கள். தங்கையின் விரல்கள் இன்றும் நேராக இருக்கின்றன. நடவுக்குப் போய் வருகிறார்.

இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு மருந்தில் இல்லை. வந்த காலத்தில்தான் இருக்கிறது. பருவத்தே பயிர் செய்ய உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மருத்துவத்துக்கும் பருவம் உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.